ஆட்டத்தின் அழகும் வெற்றியின் கணக்கும்



கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் காண்போரிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கண்ணுக்கினிய ஆட்டம் ஆடித் தோற்பது மேலா, அழகு குறைந்தாலும் வெற்றி பெறுவது மேலா என்பதே அவ்வழக்கு. ஓர் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்து சேரும் காலத்தில் இவ்வழக்கு சூடு பிடிக்கிறது. அவர் பழைய ஆட்டத்தை மாற்றுகிறார். மாற்றிய ஆட்டத்திற்கு உடனே வெற்றி கிட்டுவதில்லை. பார்ப்பவர்களுக்கோ பழைய மகிழ்ச்சியும் இல்லை, புதிய வெற்றியும் இல்லை. அப்பொழுது அவர்கள் பொறுமை காக்க வேண்டுமா, குரல் எழுப்ப வேண்டுமா? இவ்வினாவிற்கு வரலாறு என்ன விடை பகர்கிறது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு. தேனி மாவட்டம் அப்போது உருவாகவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அப்பள்ளத்தாக்கின் பள்ளி ஒன்றில் நான் இளம் ஆசிரியனாகப் பணிபுரிந்தேன். விளையாட்டுக் குழுவின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. எங்கள் அணியில் மாணவன் ஒருவன் இருந்தான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். மூன்று பேர் சூழ்ந்தாலும் வளைந்து நெளிந்து வெளியே வந்துவிடுவான். மாலையில் வயல் வேலை முடிந்து திரும்புவோரும், ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்குவோரும் அவனுடைய ஆட்டத்தைக் காண்பதற்காகவே வாய்க்கால் கரையில் வந்து அமர்வார்கள்.

அவ்வாண்டு புதிதாக வந்த உடற்பயிற்சி ஆசிரியர் இந்த ஆட்டத்தை அடியோடு மாற்றினார். எவரும் பந்தை இருமுறைக்கு மேல் தொடலாகாது. தொட்டவுடன் தோழனுக்குக் கொடுத்துவிட்டு வெற்றிடத்தை நோக்கி ஓட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. முதல் மூன்று போட்டிகளிலும் தோற்றோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "வாத்தியாரையா, இது பந்தாட்டமா, தபால் பட்டுவாடாவா? வாங்கின கையோட குடுத்துக்கிட்டே இருக்காங்களே! அந்தப் பயலை ஆட விடச் சொல்லுங்க" என்றார். நான் செய்தது என்ன, அதன் விளைவு என்ன என்பதைப் பின்னர் கூறுகிறேன். அதற்கு முன்பு, இதே வழக்கினை இந்திய நாடு முழுமையும் சந்தித்த காலத்தை நோக்குவோம்.

இந்தியாவில் கால்பந்தாட்டம் மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது வெறுங்கால்களின் திறமையால் என்று சொல்லலாம். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியாகிய ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2–1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. மோகன் பகான் ஆட்டக்காரர்களுள் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு அது விளையாட்டு வெற்றி மட்டுமன்று, தன்மானத்தின் வெற்றியுமாகும். அது முதல், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளிகளை ஒருவர் பின் ஒருவராக ஏய்த்துச் செல்லும் 'டிரிப்ளிங்' என்னும் கலையே நமது ஆட்டத்தின் அழகு என்று பலரும் கருதலாயினர்.

விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், இலண்டன் ஒலிம்பிக்கில் நம் அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோல் அதுவே. ஆயினும் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளையும் தவறவிட்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை வாங்கி, 1–2 எனத் தோற்றோம். பார்த்தவர்கள் நம் அணியை மனமாரப் பாராட்டினர். ஆனால் அடுத்த சுற்றுக்குச் சென்றது பிரான்சு.

இந்நிலையில் 1950-ஆம் ஆண்டு இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர் என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. ஒருவரே பந்தை வைத்துக்கொள்ளாமல், தரையோடு தரையாகப் பந்தைச் சிறு தூரங்களுக்கு மாற்றிக்கொண்டே முன்னேறுவது அவருடைய முறை. இதனைப் பழக்குவதற்காக டிரிப்ளிங் செய்தலாகாது என்ற விதியுடன் தனிப் போட்டிகளையே அவர் நடத்தினார் என்றும், பழக்கமில்லாத காலால் மட்டும் பந்தை உதைக்கும் போட்டிகளையும் நடத்தினார் என்றும் விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். மாணவன் எழுதிப் பழகிய கையைக் கட்டிவிட்டு மற்றக் கையால் எழுதச் சொல்வது போன்ற கடுமையான பாடம் அது!

தொடக்கம் இனிதாகவே அமைந்தது. 1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புதுதில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டில், மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. ஆனால் அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1952-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம் அணியை 10–1 என்ற கணக்கில் தோற்கடித்தது. இந்தியாவின் ஒரே கோலை அகமது கான் அடித்தார். வடதுருவத்தை அடுத்த அந்நாட்டின் குளிரில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர்களே, பத்துக் கோல்கள்! ஒரு பயிற்சியாளரைப் பழித்துத் துரத்துவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? கணக்கை மட்டும் பார்த்தால் ரஹீமின் கதை அன்றே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அத்தோல்வி ஒரு பாடமாகக் கொள்ளப்பட்டது. பெரிய போட்டிகளில் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்ற விதி வந்தது. 1953-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் ஹங்கேரி அணி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6–3 என வென்று உலகை வியக்கவைத்தது. நடு முன்னணி வீரரைச் சற்றுப் பின்னே நிறுத்தி எதிரணியின் காவலைக் குலைத்த அவர்களுடைய முறையை ரஹீம் கூர்ந்து ஆராய்ந்து, நம்மவர் இயல்புக்கேற்பக் கையாண்டார்.

அதன் பயன் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என்று இந்தியா வென்றது. பம்பாய் வீரர் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் போட்டி ஒன்றில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. அந்த ஆட்டத்தில் முதல் கோலை அடித்தது இந்தியாவே. இறுதியில் 1–4 எனத் தோற்றோம். மூன்றாம் இடத்திற்கான போட்டியிலும் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றோம். பதக்கம் இல்லை என்பது உண்மை. எனினும் 10–1 என்பதற்கும் 4–1 என்பதற்கும் இடையே நான்கு ஆண்டுகளின் கல்வி அடங்கியிருக்கிறது. ஒரே எதிரியை இரண்டாம் முறை சந்திக்கும்போது என்ன வேறுபாடு தெரிகிறது என்பதே பயிற்சியின் உண்மையான தேர்வு என்று நான் கருதுகிறேன்.

இத்தேர்வை ரஹீம் மீண்டும் ஒருமுறை எழுதினார். அம்முறை முதல் வகுப்பில் தேறினார். 1962-ஆம் ஆண்டு ஜாகர்த்தாவில் ஆசிய விளையாட்டு நடைபெற்றது. முதல் போட்டியிலேயே தென் கொரியாவிடம் 0–2 எனத் தோற்றோம். பின்னர்த் தாய்லாந்தை 4–1 எனவும் ஜப்பானை 2–0 எனவும் வென்றோம். தாய்லாந்துடன் ஆடியபோது தற்காப்பின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவரைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்னணியில் கோல் அடிப்பவராக நிறுத்தினார் ரஹீம். தென் வியட்நாமை எதிர்த்த அரையிறுதியில் 3–2 என வென்றோம்; ஜர்னைல் ஒரு கோலும், அணித்தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் அடித்தனர். டிரிப்ளிங் கலையில் அக்காலத்து இந்தியாவில் ஈடிணையற்றவர் எனப் புகழப்பட்டவர் இந்தச் சுனி கோஸ்வாமியே என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். டிரிப்ளிங் இல்லாத போட்டிகளை நடத்திய ஆசான், அக்கலையில் வல்லவரை ஒதுக்கிவிடவில்லை. அவரையே தலைவராகக் கொண்ட அணியைக் களத்தில் இறக்கினார்.

செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதிப் போட்டி. அரசியல் காரணங்களால் இந்தியாவின் மீது சினம் கொண்டிருந்த பெருங்கூட்டம் நம் வீரர்களைப் பார்த்துக் கூச்சலிட்டது. எதிரே அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடிக்க, இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது. கோல் காவலராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் நிலையத்தின் அணியில் ஆடிப் பெயர் பெற்றவர். முன்னணியில் ஆடியவருள் ஒருவர் செகந்திராபாத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம். அப்போதே நுரையீரல் புற்றுநோய் ரஹீமைப் பற்றியிருந்தது. 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் அவர் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் பெற்றது அந்த இருமுறை மட்டுமே. இருமுறையும் பயிற்சியாளர் அவரே.

நம் பள்ளத்தாக்கிற்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. குமுளி மலைப்பாதையைக் கடந்தால் கேரளம். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ரஹீமின் அணியில் இடம்பெற்றவர் சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழர். அவர் பிற்காலத்தில் கேரள அணிக்குப் பயிற்சியாளரானார். 1973-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எர்ணாகுளத்தில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை இறுதிப் போட்டியில் கேரளம் இரயில்வே அணியை 3–2 என வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அக்கோப்பையைக் கேரளம் பெற்றது அதுவே முதல்முறை. ஏலத்தோட்டங்களிலிருந்து திரும்பியவர்கள் அச்செய்தியைக் கொண்டுவந்து எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் சொன்னது, சிறுவனாக இருந்த எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. ஆசிரியர் கற்பித்ததை மாணவர் வேறோர் ஊரில் சென்று கற்பித்தார் என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன்.

இவையெல்லாம் பழங்கதை அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அண்மைக் காலத்தைப் பாருங்கள். 2015-இல் ஆங்கிலேயரான ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் இரண்டாம் முறையாக இந்திய அணியின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு உலகத் தரவரிசையில் 173-ஆம் இடத்திற்குத் தாழ்ந்த அணி, 2017-இல் 96-ஆம் இடத்திற்கு உயர்ந்தது. ஆயினும் உயரப் பந்தடித்து ஓடும் ஆட்டம் இது, இதில் அழகில்லை என்று குறை கூறியோர் பலர். 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4–1 என வென்ற அணி, அடுத்த இரு போட்டிகளிலும் தோற்று வெளியேறியது, அவரும் விலகினார். அடுத்து வந்த குரோவேஷியரான இகோர் ஸ்டிமாச், பந்தைத் தம்வசம் வைத்திருந்து மாற்றி மாற்றி ஆடும் முறையை வளர்க்க முற்பட்டார். இரசிகர்கள் மகிழ்ந்தனர். 2023-இல் தெற்காசியக் கோப்பையும் கிடைத்தது. ஆனால் 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று போட்டிகளிலும் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்க இயலவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் நீக்கப்பட்டார். பொறுமை என்பது எல்லையற்ற சலுகை அன்று என்பதை இது காட்டுகிறது. ஐந்தாண்டு கழித்து எழுதும் தேர்வில் விடைத்தாள் வெறுமையாக இருக்குமாயின், கற்பித்த முறை அழகியது என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

இரண்டும் ஒருங்கே கிட்டிய காட்சியை நம் தமிழகமே கண்டிருக்கிறது. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி 2017–18-ஆம் ஆண்டு ஐ-லீக்கில் எட்டாம் இடத்தில் நின்றது. அடுத்த ஆட்டப் பருவத்திற்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த சில வீரர்களையும் இந்திய இளைஞர்களையும் இணைத்துத் தாக்கி ஆடும் ஆட்டத்தை வளர்த்தார். பெத்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச்சு 9-ஆம் நாள், இறுதிப் போட்டியில் முதலில் பின்தங்கியபோதிலும் மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, 43 புள்ளிகளுடன் அவ்வணி பட்டம் பெற்றது. அன்று இரண்டு கோல்கள் அடித்த கௌரவ் போரா ஒரு தற்காப்பு வீரர். ஜாகர்த்தாவின் ஜர்னைல் உங்கள் நினைவுக்கு வரவில்லையா? அச்சங்கம் அவ்வுயரத்தைப் பின்னர்த் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அழகும் வெற்றியும் பிறவிப் பகைவர்கள் அல்ல என்பதை அந்த ஓராண்டு காட்டியது.

இனி, நான் பாதியில் நிறுத்திய கதைக்கு வருகிறேன். ஊராரின் பேச்சு என்னை அசைத்துவிட்டது. நானும் அம்மாணவனின் ஆட்டத்தில் மயங்கியவன்தானே! உடற்பயிற்சி ஆசிரியரை அழைத்து, "அவனைப் பழையபடி ஆட விடுங்கள்" என்று வற்புறுத்தினேன். அவர் மறுமொழி கூறாமல் இணங்கினார். அடுத்த போட்டியில் அவன் இரண்டு கோல்கள் அடித்தான், வென்றோம். வாய்க்கால் கரையில் ஆரவாரம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்கடுத்த போட்டியில் எதிரணியார் இருவரை அவனுக்கென்றே காவல் நிறுத்தினர். அவன் காலில் பந்து நிற்கவில்லை. மற்றப் பத்துப் பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் கற்கத் தொடங்கியதை நான்தானே இடையில் நிறுத்திவிட்டேன்! நான்கு கோல்களில் தோற்றோம். நேற்று அவனைத் தோளில் தூக்கியவர்களே இன்று அவனால்தான் தோற்றோம் என்று ஏசினர். அவன் அதன்பின் மைதானத்திற்கு வரவில்லை. நான் அவன் வீட்டிற்கே சென்று அழைத்தேன். "வேண்டாம் சார்" என்று தலைகுனிந்து நின்றான். அவனுடைய கலையைக் காப்பதாக எண்ணிய நான், அக்கலை தங்குவதற்குரிய இடத்தை அழித்துவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நினைவு என்னை விட்டு அகலவில்லை.

பின்னாளில் தலைமையாசிரியனாக இருந்தபோது ஆண்டுதோறும் இதே வழக்கு வேறோர் உருவில் என் மேசைக்கு வந்தது. தேர்ச்சி விழுக்காடு என்ன என்பதே பெற்றோர் கேட்கும் முதல் வினா. மனப்பாடம் செய்வித்து விழுக்காட்டை உயர்த்தும் ஆசிரியரும் உண்டு. வகுப்பில் சுவையாகப் பேசிவிட்டுத் தேர்வில் மாணவனைத் தவிக்கவிடும் ஆசிரியரும் உண்டு. சென்ற தேர்வில் தவறிய கணக்கை இந்தத் தேர்வில் மாணவன் தானே போடுகிறானா என்று பார்ப்பவரையே நான் நல்லாசிரியர் என மதித்தேன். விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் அவ்வளவுகோலே பொருந்தும்.

நம் பள்ளத்தாக்கை வளப்படுத்தும் முல்லைப் பெரியாற்றை நினைத்துப் பாருங்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்த வெள்ளத்தைப் பென்னிகுக் தலைமையில் எழுந்த அணை தேக்கியது. மலையைக் குடைந்த சுரங்கம் அதனைக் கிழக்கே திருப்பியது. அணை கட்டும்போதே வெள்ளம் வந்து செய்த வேலையை அழித்ததுண்டு; ஆயினும் பணி கைவிடப்படவில்லை. 1895-இல் அணை நிறைவெய்தியது. அணை மட்டும் கட்டிச் சுரங்கம் அமைக்காதிருந்தால் நம் வயல்களுக்கு ஒரு சொட்டும் வந்திராது. ஆட்டக்காரனின் தனித்திறமையும் அத்தகைய வெள்ளமே. அதனைத் தடுப்பது மட்டும் பயிற்சி ஆகாது. அதற்கு வழி அமைப்பதே பயிற்சி. ரஹீம் சுனி கோஸ்வாமிக்கு அவ்வழியை அமைத்தார். எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரும் ஒருவேளை அமைத்திருப்பார். அதற்குரிய காலத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே மாணவர்களே, உங்கள் கல்லூரிக்கோ, நாட்டு அணிக்கோ புதிய பயிற்சியாளர் வரும்போது, முதல் தோல்வியிலேயே கூக்குரல் எழுப்பாதீர்கள். அழகாக ஆடினோம் என்ற ஆறுதலில் உறங்கியும் விடாதீர்கள். முன்பு வென்ற எதிரியே மீண்டும் எதிரில் நிற்கும் நாள் வரை காத்திருங்கள். அன்று நம் அணி எதைப் புதிதாகக் கற்று வந்திருக்கிறது என்று கண் விழித்துப் பாருங்கள். கற்றிருந்தால், தோற்றாலும் கைதட்டுங்கள். கற்கவில்லையென்றால், வென்றாலும் வினவுங்கள். வாய்க்கால் கரையில் அமர்ந்து ஆட்டம் பார்ப்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. அதனை நான் ஒருமுறை தவறவிட்டேன், நீங்கள் தவறவிடாதீர்கள்.